ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் வாசித்தளித்தது

மும்பைவாழ் தமிழர்களான நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்கள் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் சயான் கோலிவாடாவில் நடந்தது. செயற்குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது. பரேலுக்குச் சிகிச்சைக்கு வந்த ஊர்க்குடும்பங்கள் நான்குக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தோம். காலமான உறுப்பினர்கள் இருவருக்கும் நம் அஞ்சலி.

அடுத்து, மும்பையின் பூர்வீக மீனவர்களான கோலிகளைப் பார்க்க பஸ்ஸில் வொர்லிக்குப் போன பயணம். பஸ் செலவு வீண், வழியில் சண்டை என்று வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் தீர்ப்புச் சொல்லிவிட்டதால், நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் மணப்பாடு, பெரியதாழை, உவரி, இடிந்தகரை என்று கடற்கரை ஊர்க்காரர்களின் பிள்ளைகள். மும்பையில் முப்பது வருஷமாகக் கோலிவாடா, அதாவது கோலிகள் குடியிருப்பு, என்று பெயருள்ள இடத்திலேயே குடியிருக்கிறோம். ஆனால் ஒரு கோலி மீனவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதில்லை. 2017-இல் ஒக்கிப் புயலில் சிக்கிய கேரள, தமிழகப் படகுகள் பல மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கியபோது, இங்கே யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது என்று தெரியாமல் விழித்தோம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. போன பொதுக்குழுவில் இதைச் சொல்லி, வொர்லிக்குப் போவோமா என்று கேட்டபோது 45 பேர் கை தூக்கினீர்கள். அந்தக் கைகளை நம்பி 50 சீட்டு பஸ் பிடித்தேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்தவர்கள் 11 பேர். அதிலும் இரண்டு பேர் துணைத் தலைவரின் பேரப்பிள்ளைகள். ஆள் குறைந்ததற்காக பஸ்காரர் வாடகையைக் குறைப்பாரா?

வந்த 11 பேருக்கும் அது மறக்க முடியாத நாள். நாங்கள் போய்ச் சேர்ந்தது வற்றம் நேரம், கடல் உள்வாங்கியிருக்கும் நேரம். மும்பைக் கடல் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். நம் பக்கம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. படகுகள் எல்லாம் சேற்றில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து நம் மணப்பாட்டுப் பெரியவர், "ஏ தம்பி, கடல் எங்க போச்சு?" என்றார். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தேதான் கோலிகள் பிழைக்கிறார்கள். டோல் என்ற பைவலையைக் கடலில் நட்ட கம்பங்களில் கட்டிவிட்டால், ஓடுகிற தண்ணீரே மீனைக் கொண்டுவந்து அதில் தள்ளிவிடும். அதில் விழுகிற போம்பில்தான் நம் வங்கராவாசி. சுர்மை நம் சீலா, அதாவது வஞ்சிரம். பாப்லேட் நம் வாவல். இதெல்லாம் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன்.

பேச்சு மும்பைக் கடற்கரைச் சாலைக்குப் போனது. 2024 மார்ச்சில் அதன் முதல் பகுதி திறந்ததிலிருந்து நாமும் அதில் காரில் போய் செல்ஃபி எடுத்திருக்கிறோம். அந்தச் சாலையின் பாலத் தூண்களுக்கு நடுவேதான் வொர்லிப் படகுகள் கடலுக்குப் போக வேண்டும். முதல் திட்டத்தில் இடைவெளி 60 மீட்டர். காற்றிலும் நீரோட்டத்திலும் படகு தூணில் போய் மோதும் என்று வருடக்கணக்கில் போராடி 120 மீட்டர் வாங்கினார்கள். அவர்கள் கேட்டது அதைவிட அதிகம். கரையோரப் பாறைகளில் சிங்கி இறாலும் நண்டும் கிடைத்த இடங்கள் மண் நிரப்பியதில் போய்விட்டன. அடுத்து பால்கர் பக்கம் வாத்வன் துறைமுகம் வருகிறது என்று கையை வடக்கே காட்டினார் ஒரு கோலிப் பெரியவர். நம் பெரியவர் பதிலுக்கு, ஓர் ஊரில் தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல்லைக் கொட்டித் தடுப்பு போட்டால் கடல் அடுத்த ஊர்க் கரையைத் தின்கிற கதையைச் சொன்னார். இரண்டு பேரும் அரைகுறை இந்தியில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். சுற்றுச்சூழல் என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை. எந்த மீன் எந்த மாதம் வருவதை நிறுத்தியது என்றுதான் பேச்சு.

எல்லாமே அடுத்தவர் குற்றம் என்றும் அவர்கள் சொல்லவில்லை. "கண்ணி சிறுத்த, குஞ்சையும் விடாத வலையை நாங்களுந்தான போட்டோம்" என்றார் நம் பெரியவர். இதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சேர்த்துவிட்டேன், மன்னிக்கவும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சண்டை வந்தது உண்மைதான். கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1983-லேயே சட்டம் வந்தும், உள்ளே வந்து கடலடியை வாரும் மடிவலை இழுக்கிறார்களே என்று ஒருவர் ஆரம்பித்தார். தூத்துக்குடியில் அண்ணன் விசைப்படகு வைத்திருக்கும் உறுப்பினர், "ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நாங்கள் கரையில் கிடக்கிறோம், நாட்டுப்படகுக்குத் தடை உண்டா?" என்று எழுந்துவிட்டார். நான் யார் பக்கமும் பேசவில்லை. என் அப்பா கட்டுமரக்காரர், அதனால் என் மனசு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த உறுப்பினர் அதற்கப்புறம் கூட்டத்துக்கு வருவதில்லை. அவர் வர வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு போன வருடத்தைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம். அதிகமானதற்கு பஸ் மட்டும் காரணமல்ல. பொங்கல் பந்தல்காரரையும் கேட்க வேண்டும். சந்தா நிலுவை வைத்திருப்பவர்கள் பட்டியலை வாசிக்கலாமா என்று செயற்குழுவில் கேட்டேன். செயற்குழுவிலேயே நான்கு பேர் அந்தப் பட்டியலில் இருப்பதால் வேண்டாம் என்று முடிவானது.

இடம் கொடுத்த பள்ளிக்கும், மைக் செட் தந்தவருக்கும், எங்களுக்கு மீன்குழம்பும் சோறும் போட்ட வொர்லிக் குடும்பத்துக்கும், என் வீட்டம்மாவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நாரளி பௌர்ணமிக்கு வொர்லிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து மீன்பிடிப்பைத் தொடங்குகிற நாள். மீன் பெயர்கள் எழுதிய அந்த நோட்டையும் சின்னப் புத்தகமாக அச்சடிக்க ஆசை. பதிப்பகம் ஒன்றும் தேடவில்லை, பக்கத்து அச்சகம் போதும். இந்தச் செயலாளர் பொறுப்பை வேறு யாராவது இளையவர் எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சியாக விலகிக்கொள்வேன். போன வருடமும் இதையேதான் சொன்னேன், யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த முறை பஸ் பிடிக்கும் முன்பே ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. டீயும் அங்கேதான்.

இப்படிக்கு,
செயலாளர்