பேய்க்கதை நூலை மீண்டும் நூலகத்தில் வையுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நாட்டார் கதைகளைத் தழுவி எழுதப்பட்ட நகைச்சுவைப் பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றை, அது மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்று காரணம் காட்டி, நம் பள்ளி நூலகத்திலிருந்து அண்மையில் அகற்றிவிட்டீர்கள். அந்தக் காரணம் பொருந்தாது என்பதை ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயாகத் தெரிவித்து, நூலை மீண்டும் நூலகத்தில் வைக்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அந்நூலில் இருப்பவை நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட கதைகள்தாம். காட்டுவழியில் மறித்த பேயிடம் நாவிதர் தம் பெட்டியிலிருந்த கண்ணாடியைக் காட்டி, உன்னைப்போல் ஒன்றை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறேன் பார் என்று சொல்ல, தன் முகத்தையே கண்டு நடுங்கிய பேய் அவருக்கு ஏவல் செய்யத் தொடங்குகிறது. ஓயாமல் வேலை கொடுக்காவிட்டால் எசமானையே விழுங்கிவிடும் பூதம், நாய்வாலை நிமிர்த்தச் சொன்னதும் தோற்றுப்போகிறது. இக்கதைகளில் அஞ்சுவது பேய், வெல்வது மனித அறிவு. பேயைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய பிள்ளை இருட்டுக்கு அஞ்சுவான் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

என் மகன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான் என்பது அவனுடைய ஆசிரியர்களுக்குத் தெரியும். பாடநூலைத் திறக்கவே தயங்குபவன், இந்நூலை மட்டும் தானாக எடுத்து, இரவு உணவுக்குப் பின் தன் அப்பத்தாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினான். திக்கிய இடங்களில் அவர் அடுத்த வரியைத் தாமே சொன்னார். தம் ஊரில் அந்தக் கதை வேறுவிதமாக முடியும் என்று சொல்லி, அந்த முடிவையும் சொன்னார். வகுப்பில் வைத்து அவன் கையிலிருந்து நூலை வாங்கிக்கொண்டபோது, இப்படிப்பட்ட கதைகள் தவறானவை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவு அப்பத்தா கதை சொல்ல வந்தபோது, "வேண்டாம் அப்பத்தா, அது தப்பாம்" என்றான். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் அதன்பின் அவனிடம் கதை பேசுவதில்லை. நூல் போனதைவிட எனக்கு இதுவே பெரிய இழப்பு.

பேயை வைத்துச் சிரிப்பது தமிழுக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய், விருந்தாக வந்த பேய் என்று ஒவ்வொன்றையும் அழைத்துக் கூழ் வார்க்கிறார்கள். அந்நூலின் ஒரு பகுதி தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. அரசவைப் புலவர் பாடினால் இலக்கியம், கிழவிகள் சொன்னால் மூடநம்பிக்கை என்ற பாகுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

மூடநம்பிக்கையை எதிர்ப்பது பள்ளியின் கடமையே. அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் பொதுத்தேர்வுக்கு முன் எழுதுகோல்களையும் நுழைவுச்சீட்டுகளையும் பூசையில் வைத்து வழங்கும் அதே பள்ளி, பேயை முட்டாளாக்கும் கதையைக் கண்டு அஞ்சுவது பெற்றோர்களாகிய எங்களுக்கு விளங்கவில்லை. நூலக வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதும், பரிசளிப்பு விழாவில் நூலுக்குப் பதில் பிளாஸ்டிக் கேடயம் கொடுப்பதும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. பிள்ளைகள் படிப்பதில்லை என்று பெற்றோர் கூட்டந்தோறும் எங்களிடம் குறைப்படுகிறீர்கள். படித்த ஒரு நூலையும் பறித்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். குழுவினர் அந்நூலை முழுமையாக ஒருமுறை வாசித்து, தமிழாசிரியர்களின் கருத்தையும் கேட்டு, அரையாண்டு விடுமுறைக்கு முன்பாகவே அதை நூலகத்தில் வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அக்கதைகள் தவறானவை அல்ல என்பதை என் மகனின் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் வெளிப்படையாகச் சொல்லவும் ஏற்பாடு செய்யுங்கள். நான் சொல்லி அவன் நம்ப மறுக்கிறான்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்