மலருக்கு: அடுத்த மருந்தை முடிவு செய்யும் முன்

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்தேன். உன் முடக்குவாதத்துக்குப் போடும் மெத்தோட்ரெக்சேட் போதவில்லை, அடாலிமுமாப் ஊசியா டோஃபாசிட்டினிப் மாத்திரையா, யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம் டாக்டர். எது உசத்தி என்று என்னைக் கேட்கிறாய். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது கண்ணு. பழைய மருந்து நிஜமாகவே தோற்றுவிட்டதா? தோற்றிருந்தால் எப்படித் தோற்றது? அடுத்தது எது என்பதற்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

வலி வேறு, அழற்சி வேறு. முடக்குவாத மருந்துகள் தணிப்பது அழற்சியை. காலையில் விரல் மடங்காமல் எத்தனை நேரம் இருக்கிறது என்று தினமும் காலண்டரில் எழுதி வா. அரை மணி, ஒரு மணி என்று இழுத்துக்கொண்டே போனால் அழற்சி ஓயவில்லை. கையை இறுக மூடிப் பார். விரல் முட்டிகளுக்கு நடுவே பள்ளம் தெரிய வேண்டும். பள்ளம் மேடாகி, அமுக்கினால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் அது வீக்கம். வீக்கமும் இல்லை, அழற்சியைக் காட்டும் ரத்த டெஸ்டான சி.ஆர்.பி.யும் சரி, ஆனால் உடம்பு முழுக்க வலி, தூக்கமில்லை, அசதி என்றால் அது ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம். ஏற்கெனவே தேய்ந்த மூட்டின் வலியாகவும் இருக்கலாம். அதற்கு எந்த விலையுயர்ந்த ஊசியும் கேட்காது. சந்தேகம் வந்தால் மூட்டில் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கலாம்.

டாக்டர் 28 மூட்டுகளை அமுக்கிப் பார்த்துக் கணக்கிடும் டாஸ்28 மதிப்பெண்ணை ஒவ்வொரு தடவையும் கேட்டு எழுதி வை. 2.6-க்குக் கீழே போனால் நோய் அடங்கியிருக்கிறது. 3.2 வரை குறைந்த தீவிரம், 5.1-க்கு மேல் கடுமை. உனக்கு 4.4. இரண்டு மணிக்கட்டிலும் வீக்கம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். ஆக, உன் வலி அழற்சி வலிதான். மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் நீ போடுவது வாரம் 15 மி.கி. மாத்திரை. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் 20, 25 மி.கி. வரைக்கும் கொடுப்பார்கள். சிக்கல் என்னவென்றால், 15 மி.கி.க்கு மேல் வாய்வழியாக ஏற்றினால் குடல் அதற்கேற்ப உறிஞ்சாது. மாத்திரை கூடும், ரத்தத்தில் மருந்து அந்த அளவுக்குக் கூடாது. அதையே தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் முழுக்கச் சேரும், பலருக்குக் குமட்டலும் குறையும். தொடையிலோ வயிற்றிலோ நீயே போட்டுக்கொள்ளலாம். இதைச் செய்து பார்க்காமலே 'மெத்தோட்ரெக்சேட் தோற்றது' என்று எழுதிவிடுகிறார்கள். இது எனக்குப் பொறுக்காத விஷயம். ஈரல் டெஸ்டும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் சரியாக இருக்கும்போது ஊசிக்கு ஏன் மாறக் கூடாது என்று டாக்டரிடம் நேராகவே கேள்.

இந்த மருந்தைப் பற்றி இன்னும் இரண்டு. வாரத்தில் ஒரே நாள், அந்த நாளின் பெயரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வை. தவறிப்போய் தினமும் போட்டவர்கள் ரத்த அணுக்கள் சரிந்து உயிரை விட்டிருக்கிறார்கள். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி.யை வேறொரு நாளில் போடு. சிறுநீர்த் தொற்று என்று யாராவது செப்ட்ரான் எழுதினால் வாங்காதே. அதிலுள்ள கோ-டிரைமாக்சசோலும் மெத்தோட்ரெக்சேட்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கிப்போகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் நீ போடும் மருந்தை முதலில் சொல்லிவிடு.

ஊசிக்கு மாறியும் மூன்று மாதத்தில் கணிசமான குறைவு தெரியவில்லை, ஆறு மாதத்தில் நோய் அடங்குவது அல்லது குறைந்த தீவிரம் என்ற இலக்கைத் தொடவில்லை என்றால் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். அழற்சி ஓயாத மாதங்களில்தான் எலும்பு அரிக்கும், அரித்தது திரும்பாது.

உன் டாக்டர் சொல்லாத ஒரு வழியும் இருக்கிறது. நீ ஏற்கெனவே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போடுகிறாய். அதோடு சல்ஃபாசலசின் சேர்த்தால் மெத்தோட்ரெக்சேட்டோடு மூன்று மருந்துக் கூட்டு. 2013-இல் வந்த ராகாட் ஆய்வில், மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களில் ஒரு பிரிவுக்கு இந்தக் கூட்டும் இன்னொரு பிரிவுக்கு அடாலிமுமாப் வகையைச் சேர்ந்த எட்டனெர்செப்ட் ஊசியும் முதலில் கொடுத்தார்கள். கேட்காதவர்களை 24 வாரத்தில் மறுபக்கம் மாற்றினார்கள். 48 வாரம் முடிந்தபோது கூட்டில் தொடங்கியவர்கள் ஊசியில் தொடங்கியவர்களுக்குப் பின்தங்கவில்லை. செலவோ பல மடங்கு குறைவு. சல்ஃபாசலசினை 500 மி.கி.யில் தொடங்கி வாரா வாரம் ஏற்றி 2 கிராமுக்குக் கொண்டு போவார்கள். எடுத்த எடுப்பிலேயே முழு அளவு போட்டால் வயிறு புரட்டும், தலை வலிக்கும், அதோடு விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்படாதே. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உன் 60 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 300 மி.கி.யைத் தாண்டக் கூடாது. விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே.

சரி, அந்த இரண்டுக்கு வருகிறேன்.

அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒரு 40 மி.கி. ஊசி. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடும். 2014 டிசம்பரில் நம் நாட்டு ஜைடஸ் நிறுவனம் உலகின் முதல் அடாலிமுமாப் பயோசிமிலரை, அதாவது அசலுக்கு ஒத்த நகல் மருந்தை, கொண்டுவந்தது. அதன்பின் இங்கே பல கம்பெனிகள் செய்கின்றன. மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டு இதை மட்டும் போடாதே. உடம்பு இந்த ஊசிக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கும், ஊசி மெல்ல வலுவிழக்கும். மெத்தோட்ரெக்சேட் கூட இருந்தால் அது குறையும். ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்காதே, உறைந்தால் தூக்கிப் போட்டுவிடு. போடுவதற்கு அரை மணி முன் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும்.

டோஃபாசிட்டினிப் 5 மி.கி., தினம் இரண்டு வேளை. செல்லுக்குள் ஜாக் என்ற நொதியைத் தடுக்கும். ஃப்ரிட்ஜ் தேவையில்லை, சீக்கிரம் கேட்கும், இங்கே ஜெனரிக் கிடைப்பதால் விலையும் குறைவு. 50 வயதுக்கு மேல், இதய நோய் அபாயக் காரணி ஒன்றாவது உள்ளவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், டி.என்.எஃப். ஊசி போட்டவர்களைவிட மாரடைப்பும் புற்றுநோயும் இதில் கூடுதலாகத் தெரிந்தன. 2021-இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடும் எச்சரிக்கை விட்டது அதனால்தான். உனக்கு 34, புகையில்லை, பிரஷர் இல்லை. அந்த எச்சரிக்கை உன்னை மனதில் வைத்துச் சொன்னதில்லை. ஆனால் அக்கி வரும் வாய்ப்பு எந்த வயதிலும் கூடும். உயிர்க்கிருமி இல்லாத அக்கி தடுப்பூசி இருக்கிறது, மருந்து தொடங்கும் முன்பே போடலாமா என்று கேள்.

உன் விஷயத்தில் தராசைச் சாய்ப்பது இன்னொன்று. இரண்டாவது குழந்தை வேண்டும் என்கிறாய். மெத்தோட்ரெக்சேட் கருவுக்குக் கேடு. குறைந்தது மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும், சிலர் ஆறு மாதம் என்கிறார்கள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான லெஃப்ளுனோமைடு பேச்சே வேண்டாம், அது இரண்டு வருடம் வரை உடம்பில் தங்கும். டோஃபாசிட்டினிப்பும் கர்ப்பத்தில் கூடாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் இரண்டையும் தொடரலாம். அடாலிமுமாப்பையும் டாக்டர் மேற்பார்வையில் தொடரலாம். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் அது குழந்தைக்குப் போய்ச் சேரும். அப்படிப் போட்டிருந்தால், பிறந்ததும் போடும் உயிர்க்கிருமித் தடுப்பூசியான பி.சி.ஜி.யை ஆறு மாதமாவது தள்ள வேண்டும். பிரசவ வார்டில் கேட்காமலே போட்டுவிடுவார்கள், கேஸ் ஷீட்டில் முன்கூட்டியே எழுதச் சொல். இதையெல்லாம் பார்த்தால், குழந்தைக்காக மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தும் காலம் வரை, முதலில் ஊசி மெத்தோட்ரெக்சேட்டும் மூன்று மருந்துக் கூட்டும், அது போதாவிட்டால் அடாலிமுமாப் என்பதுதான் என் கணக்கு.

அதுவும் தோற்றால்? தொடக்கத்திலிருந்தே கேட்கவில்லை என்றால் டி.என்.எஃப். வழியே உன் நோய்க்குப் பிரதானமில்லை என்று வைத்துக்கொள். டோசிலிசுமாப், ரிட்டுக்சிமாப், அபாடாசெப்ட் என்று வேறு வழிக்குப் போக வேண்டும். உனக்கு முடக்குவாதத்துக்கான ரத்த டெஸ்டுகளான ஆர்.எஃப்., ஆன்டி-சி.சி.பி. இரண்டும் பாசிட்டிவ், ரிட்டுக்சிமாப் அப்படிப்பட்டவர்களுக்கு நன்றாகக் கேட்கும். மாறாக, ஒரு வருடம் நன்றாக இருந்து பிறகு மங்கினால் ஆன்டிபாடி வேலையாக இருக்கலாம், இன்னொரு டி.என்.எஃப். ஊசியே போதும். டோசிலிசுமாப் போட்டால் சி.ஆர்.பி. எப்போதும் குறைவாகவே காட்டும், தொற்று வந்தாலும் ஏறாது. அப்போது காய்ச்சலை ரிப்போர்ட் வைத்து எடை போடாதே.

இடையில் வலிக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால், எந்தத் தேதியில் நிறுத்துவது என்று எழுதி வாங்கு. பாலம் போடத்தான் அது, அதிலேயே குடியிருக்க இல்லை.

அடாலிமுமாப் ஊசியோ டோஃபாசிட்டினிப்போ, எதற்கு முன்னாலும் நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கான ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் முடிந்திருக்க வேண்டும். உறங்கும் காசநோயை இந்த மருந்துகள் எழுப்பிவிடும், நம் ஊரில் அது அரிதில்லை. ஸ்டீராய்டு போடும்போது தோலில் செய்யும் மாண்டூ டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும், அதை மட்டும் நம்பாதே. பாசிட்டிவ் என்றால் காசநோய்த் தடுப்பு மாத்திரை தொடங்கி ஒரு மாதமாவது போனபின்தான் ஊசி. அந்த மாத்திரையும் மெத்தோட்ரெக்சேட்டும் இரண்டும் ஈரலைத் தொடும், ஈரல் டெஸ்டை அடிக்கடி பார்க்கச் சொல்.

வருகிற திங்கள்கிழமை ரத்தம் கொடுக்கும்போதே ஐ.ஜி.ஆர்.ஏ.வையும் சேர்த்து எழுதச் சொல். ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா