செவிலியர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நைட் டூட்டி முடித்த கையோடு ராயபுரம் வந்து சேர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம்.

மே 12 செவிலியர் தினமும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நிர்வாகக் குழு அதிக நேரம் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: வார்டுக்குள் நமக்கு நாமே இழைத்துக்கொள்ளும் வன்முறை.

நோயாளியின் உறவினர் கை ஓங்கினால் வார்டே ஒன்றுதிரள்கிறது. அதற்கு 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள், பணியிடத்திலேயே இதற்கென்று உள்ள உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் கூட வேலை பார்ப்பவரே கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிந்தால், நோயாளிகள் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டினால், "உங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, ஒரு முறை நடந்தாலும் அது வன்முறையே என்கிறது. உடலுக்கு மட்டுமல்ல, மனத்துக்கு நேரும் ஊறையும் சேர்த்தே சொல்கிறது. நாமும் அந்த அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டோம்.

நம்மிடம் வந்த ஒரு புகாரை, ஊரும் பேரும் இல்லாமல், சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒரு தங்கைக்குப் பொட்டாசியம் குளோரைடை எவ்வளவு சலைனில் கலப்பது என்று சந்தேகம். சீனியர் அக்கா அதே மேஜையில்தான் இருந்தார். முந்தின நாள் அவரிடம் கேட்டதற்கு ட்ரே பறந்து வந்து இந்தப் பெண்ணின் மணிக்கட்டில் பட்டிருந்தது. அதனால் அவரிடம் கேட்காமல் மாடி வார்டுக்கு ஓடிப்போய் அங்கிருந்த ஸ்டாஃபிடம் கேட்டு வந்திருக்கிறாள். கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய மருந்து அது. அன்று மாடியிலும் யாரும் இல்லாமல் போயிருந்தால்? சக ஊழியர் சண்டையை வீட்டுச் சண்டை மாதிரி பார்க்கக் கூடாது, நோயாளியின் உயிரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அந்த சீனியரிடமும் போய்ப் பேசினோம். தொடர்ந்து நைட், ஆள் பற்றாக்குறை, பக்கத்து வார்டும் அவர் பொறுப்பில். இந்திய நர்சிங் கவுன்சில் பொது மருத்துவமனைக்குச் சொல்வது ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர். நம் வார்டுகளில் நிலைமை எப்படி என்று உங்களுக்கே தெரியும். அதற்காக ட்ரே வீசியதை நியாயப்படுத்த முடியாது, அதை அவரிடமே சொல்லிவிட்டோம். ஆனால் டூட்டி லிஸ்ட்டைத் தொடாமல் ஆளை மட்டும் கண்டித்தால் அடுத்த மாதம் இன்னொரு ட்ரே பறக்கும்.

புகார்களை வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நடந்தவை. ஸ்டாக் கணக்கு இடிக்கும், ஓவர், அதாவது அடுத்த ஷிஃப்டின் பொறுப்பை, எடுக்க வேண்டியவர் தாமதமாக வருவார், வீட்டுக்குப் போக வேண்டியவருக்கு பஸ் போய்விடும். நிரந்தரப் பணி, ஒப்பந்தப் பணி என்ற வேறுபாடும் அப்போதுதான் வாயில் வரும். அதனால் டூட்டி லிஸ்ட்டை முன்கூட்டியே ஒட்டுவது, படுக்கை அருகில் நின்று ஓவர் கொடுப்பது, ஸ்டாக்கை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவது என்று இன்சார்ஜ்களிடம் கேட்டோம். சில வார்டுகளில் ஒப்புக்கொண்டார்கள். மற்ற இடங்களில் பதில் இல்லை.

பயிற்சி வகுப்பு ஒன்றும் நடத்தினோம். மார்த்தா கிரிஃபின் என்ற அமெரிக்கச் செவிலியர், பாஸ்டனில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களுக்குச் சின்ன அட்டைகள் கொடுத்து, சீண்டலுக்கு என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே பழக்கினார். அந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. நாம் தமிழில் எழுதினோம்: "அக்கா, தப்பு இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கறேன்." முதலில் கூச்சத்தோடு சிரித்தவர்கள், அப்புறம் ஜோடி ஜோடியாக நின்று உரக்கச் சொல்லிப் பழகினார்கள். சில சீனியர்களும் அட்டை கேட்டு வாங்கிப் போனது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

வரும் ஆண்டில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் சக ஊழியர் வன்முறைக்கென்று எழுத்துப்பூர்வப் புகார் வழி கேட்கப் போகிறோம். அதற்கு ஆதாரம் வேண்டும். நடந்த தேதி, நேரம், யார் பார்த்தார்கள், அன்று வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் டூட்டி என்று அன்றே எழுதி, அந்த மாத டூட்டி லிஸ்ட் நகலோடு என்னிடம் கொடுங்கள். பெயர் வெளியே போகாது.

இப்படிக்கு,
செயலாளர்