சண்டிகர் வரலாறு இல்லாத ஊரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த வட இந்தியச் சுற்றுலாக் கட்டுரை, சுக்னா ஏரியையும் நேக் சந்தின் பாறைத் தோட்டத்தையும் பாராட்டிவிட்டு, சண்டிகரில் மற்றபடி வரலாறு என்று பார்க்க ஒன்றுமில்லை என்ற பொருளில் ஒரே வரியில் அந்நகரை முடித்துவிட்டது. பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவனும், அண்மையில் அந்நகரின் 10-ஆம் செக்டர் என்ற நகர்ப் பகுதியில் உள்ள கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் ஒரு பகல் முழுவதையும் கழித்தவனுமாகிய எனக்கு, அந்த வரியை மறுத்து எழுதாமல் இருக்க இயலவில்லை.

கோபுரமோ கோட்டையோ இருந்தால்தான் வரலாறு என்று எண்ணிப் பழகிவிட்டோம். சண்டிகரின் வரலாறு பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாப் தலைநகரம் இல்லாமல் சிம்லாவில் தற்காலிகமாக ஒதுங்க நேர்ந்தது. புதிய தலைநகரான சண்டிகருக்கு முதலில் திட்டம் வரைந்தவர் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அவருக்கு முன்பே அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர், வளைந்து செல்லும் சாலைகளோடு விசிறி வடிவில் ஒரு திட்டத்தைத் தயாரித்திருந்தார். அவருடன் பணியாற்றிய இளம் கட்டடக்கலைஞர் மாத்யூ நோவிட்ஸ்கி 1950 ஆகஸ்டில் எகிப்தில் நடந்த விமான விபத்தில் இறந்ததும் அந்த ஏற்பாடு குலைந்தது. பி.என். தாப்பர், பி.எல். வர்மா ஆகிய இரு அதிகாரிகளும் ஐரோப்பாவுக்குச் சென்று ஆள் தேடியதன் விளைவாகவே கார்பூசியேயும், அவருடைய உறவினரான பியேர் ஜான்னரேயும், ஆங்கிலக் கட்டடக்கலைஞர்களான மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ தம்பதியும் இந்தப் பணிக்கு வந்து சேர்ந்தார்கள்.

மேயரின் திட்டத்தையும் 1951-இல் கார்பூசியே அதைத் திருத்தி வரைந்த திட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, வரைபலகையில் வாழ்நாளைக் கழித்தவனுக்குப் பெரிய விருந்து. மேயரின் வளைவுகள் நிமிர்ந்து நேர்கோடுகளாகிவிட்டன. ஆனால் அவர் வகுத்த குடியிருப்புத் தொகுதி என்ற கருத்து அழியவில்லை, ஏறத்தாழ 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் அளவுள்ள செக்டராக அது மறுபிறவி எடுத்திருக்கிறது. மூலத்தை வரைந்தவரைவிடத் திருத்தியவருக்கே புகழ் சேர்ந்துவிட்டது என்பது என் எண்ணம். அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கட்டப்படாமலே போன ஆளுநர் மாளிகையின் மாதிரியுருவின் முன்பும் நெடுநேரம் நின்றிருந்தேன். ஆளுநரின் இல்லம் சட்டமன்றத்துக்கும் மேலாக எழுந்து நிற்பது மக்களாட்சிக்குப் பொருந்தாது என்று நேரு கருதியதால் கைவிடப்பட்ட கட்டடம் அது. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் உள்ள வளாகத்தில் அந்த இடம் இன்றும் வெறுமையாகவே கிடக்கிறது. மாதிரியுருவைப் பார்க்காமல் அங்கே சென்றிருந்தால், ஏதோ பராமரிப்பில்லாத மைதானம் என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன்.

கட்டடக்கலை அருங்காட்சியகம் இருக்கும் அதே வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் காந்தாரச் சிற்பங்கள் இருக்கின்றன. லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பு பிரிவினைக்குப் பின் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டபோது இந்தியாவுக்குக் கிடைத்த பங்கு, பல ஊர்களில் தங்கி அலைந்து, 1968-இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தில் நிலைகொண்டது. ஊர்தான் இளையது, அதன் மண் இளையதல்ல. 17-ஆம் செக்டரில் நிலத்தைத் தோண்டியபோது சிந்துவெளிப் பண்பாட்டின் தடயங்கள் வெளிப்பட்டதையும் கட்டுரையாளர் அறிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டார்.

இளைய நகரங்களுக்கு உள்ள பெரிய ஆபத்து, அவற்றின் பழைய பொருள்கள் பழமையாகத் தோன்றாததுதான். ஜான்னரேயும் அவருடன் பணியாற்றியவர்களும் அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்த, தேக்குச் சட்டத்தில் பிரம்பு பின்னிய நாற்காலிகள் கால் ஆடத் தொடங்கியதும் மொட்டை மாடிகளிலும் கிடங்குகளிலும் குவிக்கப்பட்டு, பழைய சாமான் விலைக்கு ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர்கள் அவற்றை வாங்கிச் சென்று, பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்ற பிறகுதான் நமக்கு விழிப்பு வந்தது. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்பதற்குத் தடை விதித்தது. நகரத்தின் வரைபடத்தையே அச்சாகப் பொறித்து வார்த்த பாதாளச் சாக்கடை இரும்பு மூடிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. சாலையில் மிதிபட்டுக் கிடந்த மூடி வெளிநாட்டு ஏலத்தில் கலைப்பொருளாக ஏறுகிறது என்றால், அது நம் நாட்டில் எத்தனை காலம் வெறும் இரும்பாக மட்டுமே பார்க்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடக்கலை அருங்காட்சியகமே 1997-இல்தான் திறக்கப்பட்டது. நகரம் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டதோ 1953-இல். இடைப்பட்ட காலத்தில் எத்தனை வரைபடச் சுருள்கள் கரையானுக்கு இரையாயினவோ?

குறை சொல்ல வேண்டிய ஓர் இடமும் உண்டு. கட்டியவர்களின் கதை விரிவாகச் சொல்லப்படும் அளவுக்கு, நிலத்தை இழந்தவர்களின் கதை சொல்லப்படவில்லை. தலைநகருக்காக நிலம் எடுக்கப்பட்டபோது உழவர்கள் எதிர்த்துப் போராடியதும், பல கிராமங்கள் பெயர்க்கப்பட்டதும் வரலாறுதான். 45-ஆம் செக்டருக்குள் புரைல், 42-ஆம் செக்டருக்குள் அட்டாவா எனச் சில கிராமங்கள் குறுகிய சந்துகளோடு இன்றும் நகரத்துக்குள் இருக்கின்றன. அளவெடுத்துப் போட்ட நேர்சாலையிலிருந்து அங்கே திரும்பியதும் வேறு ஊருக்குள் நுழைந்துவிட்டது போல் இருக்கிறது. அக்கிராமங்களின் நில ஆவணங்களுக்கும் முதியவர்களின் நினைவுகளுக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் ஒதுக்கினால், மேயரின் திட்டத்துக்கும் முந்தைய அத்தியாயம் கிடைக்கும்.

தங்கள் சுற்றுலாப் பகுதியில் சண்டிகரைப் பற்றி மீண்டும் எழுத வாய்ப்பு வந்தால், 10-ஆம் செக்டர் அருங்காட்சியகங்களையும், 19-ஆம் செக்டரில் கட்டடக்கலைஞர்களின் பழைய அலுவலகத்தில் இயங்கும் லெ கார்பூசியே மையத்தையும், 5-ஆம் செக்டரில் ஜான்னரே குடியிருந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பயணிகள் முதல் நாளிலேயே இவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு நகரைச் சுற்றுவது நல்லது. அரசு அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் மறவாமல் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.