ஆதாரம் கேட்பது குற்றவாளிக்குச் செய்யும் சலுகையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரத் தலையங்கத்தில், "ஆதாரம், ஆதாரம் என்று நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருந்தால் குற்றவாளிக்கு எங்கிருந்து பயம் வரும்?" என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் தம்பி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று கேப்பர் மலை ஜெயிலில் இருந்தவன். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவனைப் பிடித்த அன்று போட்டோவோடு பெரிய செய்தி போட்டீர்கள். போலீசிடம் 'பரபரப்பு வாக்குமூலம்' கொடுத்தான் என்று, அவன் பேசாத பேச்சையெல்லாம் அச்சடித்தீர்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1872-ல் வந்த சாட்சியச் சட்டத்திலேயே அது இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் 23-வது பிரிவில் இருக்கிறது. கைதானவர் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அது சம்பந்தமாகச் சொன்னது மட்டும் செல்லும். அதனால்தான் போலீசுக்கு எப்படியாவது ஒரு கத்தி தேவைப்படுகிறது.

தம்பி வழக்கிலும் ஒரு கத்தி கிடைத்தது, கெடிலம் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே. ஆடு மேய்ப்பவர், துணி துவைப்பவர் என்று யார் வேண்டுமானாலும் போய்வரும் இடம். கத்தியை எடுத்ததற்காகப் போலீஸ் எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சியிடம், "பாலத்துக்கு எந்தப் பக்கமாக இறங்கினீர்கள்?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். அவர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "நான் ஸ்டேஷன்லதாங்க கையெழுத்துப் போட்டேன்" என்றார். தம்பி சட்டையில் இருந்தது மனித ரத்தம்தான், எந்த வகை என்று கண்டறிய முடியவில்லை என்று ஆய்வக அறிக்கை வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஆயுள் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் அவனைக் காப்பாற்றியது அந்தச் சாட்சியின் ஒரு வரியும் இந்த அறிக்கையும்தான். நீங்கள் வேண்டாம் என்கிற ஆதாரம் இதுதான் ஐயா.

அவன் விடுதலையானதை உள்பக்கத்தில் மூன்று வரியில் முடித்துக்கொண்டீர்கள். போட்டோவும் இல்லை. அதற்குள் என் தங்கைக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிருந்தது. மனு போட்டு அவனைப் பார்த்துவர, முட்டிவலியோடு மலை ஏறிய எங்கள் அம்மாவும் இறந்துபோயிருந்தார்.

ஏதோ ஒரு வீட்டில் நடந்தது என்று நினைக்காதீர்கள். மகாராஷ்டிராவில் 2003-ல் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கில் நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றமே 2009-ல் தூக்குத் தண்டனை என்று தீர்ப்புச் சொன்னது. 2019-ல் அதே உச்ச நீதிமன்றம் அவர்கள் நிரபராதிகள் என்று விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. நேரில் பார்த்தவர் போலீஸ் ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அவர்களைப் போலீஸ் விசாரிக்கவே இல்லை. பயப்பட வேண்டிய குற்றவாளி வெளியில் இருந்தான். நம் கம்மாபுரத்தில் 1993-ல் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நகைத் திருட்டு என்று ராஜாக்கண்ணுவைப் போலீசார் பிடித்துப்போய் அடித்தே கொன்றார்கள், தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். அவர் மனைவி பார்வதி ஆட்கொணர்வு மனுப் போட்டிராவிட்டால் அதுதான் உண்மை என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்போம்.

தப்பாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-லேயே தன் 277-வது அறிக்கையில் சொன்னது. தேனி சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவரை 2025 ஜூலையில் விடுவித்தபோது உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியது. அதைப் பற்றி உங்களிடமிருந்து ஒரு தலையங்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது இது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவரைக் கைது செய்த செய்தியை எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாகப் போட்டீர்களோ, அவர் விடுதலையானதையும் அதே பக்கத்தில் அதே அளவுக்குப் போடுங்கள். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயர் வேண்டாம். தம்பி இப்போதுதான் ஒரு பெயின்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அங்கே யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.