பிளேன் சுத்தி வந்து இறங்கினா அது பிழையோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பிளேன் ஒண்டு முதல் தரம் இறங்காமல் திரும்ப மேல எழும்பிச்சுதெண்டா போதும், அடுத்த நாள் பேப்பரில "நடுவானில் பரபரப்பு", "மயிரிழையில் உயிர் தப்பினர்" எண்டு கொட்டை எழுத்தில வந்திடும். இதைப் பற்றித்தான் எழுதோணும் எண்டு கனநாளா நினைச்சனான்.

நான் கிளிநொச்சியில இருந்து கட்டுநாயக்காவுக்கு எயாப்போட் வான் ஓடுறவன். இந்த வைகாசியும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு லண்டனில இருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏத்தப் போனனான். மருமகன்காரன் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வரேக்கயே கத்தத் தொடங்கிட்டார், "பைலட்டுக்கு ஓடத் தெரியேல்ல அண்ணை, ரன்வே கண்ணுக்கு முன்னால கிடக்குது, பட்டெண்டு மேல இழுத்திட்டான், அரை மணித்தியாலம் வீண்" எண்டு. புத்தளம் தாண்டுமட்டும் இதே கதைதான். எனக்கெண்டா அந்தப் பைலட்டைக் கும்பிடோணும் போல இருந்தது.

எயாப்போட் பார்க்கில மணிக்கணக்கா காத்துக் கிடக்கிற நேரம் நான் ஃபோனில பிளேன் விபத்து அறிக்கையளைத்தான் வாசிக்கிறது, மனிசிக்கு இது விசர் மாதிரித் தெரியும். பிளேன் 3 பாகை சரிவில இறங்கோணும், அதாவது ரன்வேக்கு 10 கடல் மைல் இருக்கேக்க கிட்டத்தட்ட 3000 அடி உயரத்தில நிக்கோணும். அதைவிட மேல நிண்டா கெதியாக் கீழ இறக்கோணும், இறக்கினா ஸ்பீட் ஏறும், ஸ்பீட்டைக் குறைக்கப் பாத்தா இறங்கேலாது. பிரேக் இல்லாத சைக்கிளில இரணைமடுக் குளக்கட்டால இறங்கினவைக்கு இது விளங்கும். ஸ்பீட் 10 வீதம் கூடினா ரன்வேயில நிப்பாட்ட வேண்டிய சக்தி 21 வீதம் கூடும், இதில மழை ஈரமும் சேந்தா சொல்லவே வேண்டாம். அதாலதான் 1000 அடிக்கு வரேக்க சில்லு, ஃபிளாப் (மெதுவாப் பறக்கிறதுக்கு செட்டையில நீட்டுற தகடு), ஸ்பீட், இறங்கிற வேகம் எல்லாம் சரியா இருக்கோணும், இல்லாட்டி விட்டிட்டு மேல போ எண்டு சட்டம் வைச்சிருக்கிறாங்கள், வெளிச்சமான நாளில கனக்கக் கொம்பனியள் 500 அடி வரைக்கும் விடும். அப்பிடி மேல போறதைத்தான் கோ அரவுண்ட் எண்டுறது.

அப்பிடிப் போகாமல் விட்டா என்ன நடக்கும் எண்டதுக்கு ரெண்டு கதை, ரெண்டும் மே 22. 2010இல டுபாயில இருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் மங்களூரில உயரமா வந்தது. கப்டன் வழியில கனநேரம் நித்திரை. கோ அரவுண்ட் போவம் எண்டு கோ பைலட் மூண்டு தரம் சொல்லியும் கேக்கேல்ல. 8000 அடி ரன்வேயில 5000 அடி தாண்டித்தான் சில்லு பட்டது, பிரேக் பிடிச்சுப்போட்டு கடைசியில திரும்ப எழும்பப் பாத்தவர், மலை விளிம்பால கீழ போய் 158 பேர் செத்தவை. 2020இல நோன்புப் பெருநாளுக்கு ரெண்டு நாள் முன்னம் கராச்சியில பாகிஸ்தான் பிளேன், உயரம் கூடிப்போச்சு எண்டு கன்ட்ரோலர் சொல்லியும் விடேல்ல. அந்த அவசரத்தில இறக்கின சில்லையே திரும்ப மடக்கிப்போட்டாங்கள், ரெண்டு எஞ்சினும் ரன்வேயில தேய்ஞ்சுது, அதுக்குப் பிறகுதான் மேல எழும்பினது. எஞ்சின் ரெண்டும் நிண்டு வீடுகளுக்கு மேல விழுந்து, உள்ளுக்க இருந்த 99 பேரில மிஞ்சினது ரெண்டு பேர். ரெண்டிலயும் கடைசியில மேல போகத்தான் பாத்தவை, ஆனா சில்லோ எஞ்சினோ நிலத்தில பட்டாப் பிறகு.

எனக்கும் இது நடந்தது ஐயா, முறிகண்டியில. பிள்ளையாரடியில தேங்காய் உடைக்காமல் ஆர் போறது? ஒருநாள் இருட்டுக்க கதைச்சுக்கொண்டு வந்து கோயிலைக் கண்டது பிந்தித்தான், பின் சீற்றில இருந்த அம்மா "தம்பி கோயில் கோயில்" எண்டு கத்த நானும் பிரேக்கை ஏறி மிதிச்சிட்டன். வான் குறுக்கால இழுபட்டுது, தேங்காய் உருண்டு என்ர காலுக்கடியில வந்து பிரேக் பெடலுக்குக் கீழ மாட்டிச்சுது, பின்னால வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடிச்ச சத்தம் இப்பவும் காதில கேக்குது. கொஞ்சம் முன்னுக்குப் போய் ஆறுதலாத் திருப்பிக்கொண்டு வந்திருந்தா ரெண்டு நிமிசம்தான் செலவு. ஆனா விட்டிட்டுப் போனா றைவருக்கு கோயில் கூடத் தெரியேல்ல எண்டு சொல்லுவினம் எல்லோ, அந்த வெக்கம்தான் காலை மிதிக்க வைச்சது.

பைலட்டுக்கும் அந்த வெக்கம் இருக்கும். உள்ளுக்க இருக்கிற சனம் முணுமுணுக்கும், கொம்பனி எண்ணெய்ச் செலவு கேக்கும், அதுக்கு மேல பேப்பரும் தடுமாறிய விமானம் எண்டு போட்டா அடுத்த தரம் அந்த மனிசன் மேல இழுக்க யோசிக்க மாட்டாரோ? தடுமாறினது ஒண்டுமில்லை, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்.

அதால தயவுசெய்து அடுத்த முறை அப்பிடி ஒரு செய்தி வந்தா பைலட் சுத்தி வந்து ஒழுங்கா இறக்கினார் எண்டு ரெண்டு வரியில போடுங்கோ, பரபரப்பு வேண்டாம். அந்த மருமகன் அடுத்த கிழமை லண்டன் திரும்புறார், என்ர வானிலதான். இந்தக் கடிதத்தைப் போட்டா பேப்பரை முன் சீற்றில வைச்சிருப்பன்.

இப்படிக்கு,
ஒரு வான் றைவர்,
கிளிநொச்சி.