முதலில் பாத்திரம், பிறகு தடை: இராமநாதபுரம் கடற்கரை ஊர் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை கடலை ஒட்டிய ஊராட்சிகளின் நிர்வாகத்தினருக்கும், ஊர்க் கமிட்டிகளுக்கும், ஜமாஅத், கோயில், பங்கு நிர்வாகத்தாருக்கும், மகளிர் குழுக் கூட்டமைப்புகளுக்கும்,

வணக்கம்.

கேரி பேக், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தண்ணீர்ப் பாக்கெட், தெர்மகோல் தட்டு, உறிஞ்சுகுழல் என்று 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் நம் ஊர்ச் சீமைக்கருவேல முள்ளெல்லாம் பாலித்தீன் தொங்குகிறது. ஊருணிக்கு வரும் வரத்துக்காலை அடைப்பதும் அதுதான். முள்ளில் சிக்காதது வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் பறந்து வடகடலிலோ (பாக் விரிகுடா) தென்கடலிலோ (மன்னார் வளைகுடா) விழுகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே கடல் தேசியப் பூங்கா அறிவித்தாயிற்று. காற்றில் போகும் பையைத் தடுக்க அந்த எல்லையில் வேலி கிடையாது. சொறி (ஜெல்லி மீன்) என்று நினைத்து ஆமை விழுங்குவது அந்தப் பையைத்தான்.

மக்கள் தடையை மதிக்கவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நாங்கள் அறிந்தவரை காரணம் வேறு. பையைப் பறித்தோம், பதிலுக்குக் கையில் எதையும் கொடுக்கவில்லை. ஈரம் சொட்டும் அரைக் கிலோ நகரை மீனை மஞ்சப்பையில் வாங்கிப் போக முடியாது. சூடான சால்னாவைத் துணிப்பையில் ஊற்ற முடியாது. 300 பேர் பந்தியில் டம்ளர் இல்லையென்றால் பாட்டில்தான் வரும். ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பிளாஸ்டிக்கை நிறுத்தச் சொல்கிறீர்களோ, அதன் வேலையைச் செய்யும் பாத்திரம் முதலில் அந்த இடத்துக்கு வந்து சேரட்டும்.

விருந்திலிருந்து தொடங்குங்கள். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, அசனம், எதுவானாலும் மண்டபமும் திடலும் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அபராதம் போடத் தேவையில்லை; மண்டபச் சாவியோடு பாத்திரத்தையும் கொடுத்துவிட்டால் போதும். பந்தியில் வாழை இலை இன்னும் இருக்கிறது. சஹன் என்ற பெரிய தாம்பாளத்தில் கூடி உண்ணும் விருந்தில் தட்டுக்கே வேலையில்லை. பிளாஸ்டிக் நுழைவது 300 மில்லி தண்ணீர் பாட்டில், டீக்கும் பாயசத்துக்கும் தரும் காகிதக் கப், மேசை விரிப்பு ஆகிய மூன்றின் வழியாகத்தான். விரிப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு பந்திக்கும் ஈரத்துணியால் மேசையைத் துடைக்க இரண்டு பேரைப் போட்டால் அந்த ஒன்று அப்போதே முடிந்தது.

மற்ற இரண்டுக்கும் ஊர்ப் பாத்திரம் வேண்டும். 300 பேருக்கு 330 டம்ளர், 330 சிறு கிண்ணம், 20 ஜக்கு. பத்து விழுக்காடு கூடுதலாகச் சொல்வது, ஒரு பந்தி எழுவதற்குள் அடுத்த பந்தி உட்கார்ந்துவிடும் என்பதற்காக. டம்ளர் ஒன்று 60 கிராம் என்று வைத்தால் 330 டம்ளருக்கு 20 கிலோ எவர்சில்வர் ஆகிறது. எடைக்கு வாங்கும்போது ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த 202 ரகம் நம் உப்புத் தண்ணீரிலும் உப்புக் காற்றிலும் சீக்கிரம் புள்ளி விழுந்து துருப்பிடிக்கும். 304 ரகம் விலை கூட, ஆனால் தாங்கும். பணம் போதாதென்றால் டம்ளரை மட்டும் 304-ல் வாங்கி, கிண்ணத்துக்கு அடுத்த ஆண்டு வரை தொன்னையை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மட்டமான ரகத்தில் வாங்கிப் போட்டால், துரு கண்டவுடன் “ஊர்ப் பாத்திரம் வேண்டாம்” என்று வீட்டார் ஒதுக்கிவிடுவார்கள். திட்டம் அங்கேயே படுத்துவிடும்.

ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரை வெட்டிவிடுங்கள். 50 டம்ளருக்கு ஒரு கூடை என்று பிரித்து வைத்தால் எண்ணுவது சுலபம். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணிக் குறித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அவருக்கு ஒரு சிறு தொகையும் வேண்டும். கூலியில்லாமல் விட்ட பொறுப்பு மூன்றாவது விருந்தோடு கைமாறி, ஆறாவது விருந்தில் யாருடையதும் இல்லாமல் போகும். முன்பணம் வாங்குங்கள். குறைந்த டம்ளருக்கு விலையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: குடத்துத் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊரில் டம்ளர் கழுவவா தண்ணீர்? கணக்கைப் பாருங்கள். 40 லிட்டர் பிடிக்கும் மூன்று தொட்டிகள். முதல் தொட்டியில் அலசல், இரண்டாவதில் சோப்பு. இரண்டுக்கும் உப்புப் போர்த் தண்ணீரே போதும். மூன்றாவதில் மட்டும் நல்ல தண்ணீர், கொதிக்க வைத்ததாக இருந்தால் சிறப்பு. 100 டம்ளருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். ஆக, 300 டம்ளருக்கு நல்ல தண்ணீர் 120 லிட்டர், அதாவது எட்டுக் குடம். கடைசி அலசலையும் உப்புத் தண்ணீரில் முடித்தால் காய்ந்த பின் வெள்ளைப் படலம் தங்கும், உலோகத்தையும் அரிக்கும். அதனால் அந்த எட்டுக் குடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். துணியால் துடைத்து, கவிழ்த்து வெயிலில் காயவைத்த பிறகே கூடையில் அடுக்க வேண்டும். ஈரத்தோடு சாக்கில் கட்டி வைப்பதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு.

குடிக்கத் தண்ணீர், ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் எட்டு. சித்திரை, வைகாசியில் பதினைந்து வைத்துக்கொள்ளுங்கள். கேனைக் குழாய் வைத்த தாங்கியில் நிறுத்தி ஜக்கில் பிடித்து ஊற்றலாம். குட்டி பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியோடு மேசையில் விட்டுப் போகும் தண்ணீரும் அப்போது மிஞ்சும்.

அடுத்தது மீன். மீனுக்குத் துணிப்பை ஒத்துவராது என்பதை ஒப்புக்கொண்டால்தான் வழி பிறக்கும். சாயல்குடி, கடலாடி பக்கம் ஓலை முடையும் கைகள் இன்னும் இருக்கின்றன. மூடி போட்ட பனையோலைப் பெட்டி, உள்ளே ஒரு துண்டு வாழை இலை. ஒரு வீட்டு மீனுக்கு இது போதும். வீட்டுக்குப் போனதும் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். இரவெல்லாம் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து ஓலை உளுத்துவிடும். ஓலை கிடைக்காத ஊரில், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மூடி வாளி போதும், அது பிளாஸ்டிக்கானாலும். ஐந்து ஆண்டு உழைக்கும் வாளியோடு நமக்குச் சண்டை இல்லை. பெயின்ட் வாளியை மட்டும் உணவுக்குத் தொடாதீர்கள். மீன் விற்கும் பெண்களிடம் “கவர் கொடுக்காதே” என்று சொல்வதற்கு முன், ஏலக் கொட்டகையில் முன்பணத்துக்கு எடுத்துப் போக 30 பெட்டிகளாவது இருக்கட்டும். வெறுங்கையோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பினால் நட்டம் அந்தப் பெண்ணுக்குத்தான்.

டீக்கடைக்கும் புரோட்டாக் கடைக்கும் இதே வழி. கடையில் பத்துத் தூக்குவாளி, முன்பணம் கட்டி எடுத்துப் போகலாம். ஒரு லிட்டர் தூக்குவாளியில் பத்து டீ அடங்கும். கடையிலேயே குடிப்பவருக்குக் கண்ணாடி கிளாஸ், பக்கத்தில் கொதிநீர்ப் பாத்திரம். காகிதக் கப் மக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பாலித்தீன் பூச்சு மக்காது. அந்தப் பூச்சால் பழைய பேப்பர்க்காரரும் அதை எடுப்பதில்லை.

இனி வீடு. பால் கவரை நிறுத்த இப்போதைக்கு வழி குறைவு. அதனால் அதைக் காப்பாற்றுங்கள். காலிக் கவர் ஏறத்தாழ 3 கிராம். நாளுக்கு ஒரு கவர் வாங்கும் 300 வீடுகள் இருந்தால் மாதத்துக்கு 27 கிலோ நல்ல பாலித்தீன், விலைபோகும் பொருள். ஆனால் கழுவாத கவர் மறுநாளே புளித்து நாறும், இரண்டொரு நாளில் புழு வைக்கும்; தூய்மைக் காவலர் அதைத் தொட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். மூலையை நறுக்கும்போது துண்டு முழுதும் அறுபடாமல் கவரோடு ஒட்டியிருக்கட்டும்; தனியாக விழும் அந்த விரல்நகத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. பாலை ஊற்றியதும் கவரை அகலமாக வெட்டி, ஒரு கை தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கொடியில் மாட்டுங்கள். காய்ந்ததும் சமையற்கட்டில் தொங்கும் ஒரே சாக்கில் போடுங்கள்.

அந்தச் சாக்கை எடுக்க 15 நாளுக்கு ஒருமுறை ஆள் வர வேண்டும், தேதி மாறாமல். ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு தவணை தவறினால் மூன்றாவது தவணைக்குள் சாக்கு அடுப்புக்குள் போகும். இதில் வீட்டாரைக் குறை சொல்ல மாட்டோம். சேர்த்த இடத்தில் மூன்று பிரிவு போதும்: பாட்டில், டப்பா போன்ற கெட்டி வகை; பால் கவர், கேரி பேக் போன்ற மெல்லிய வகை; பளபளக்கும் சிப்ஸ், ஷாம்பு, மசாலா பாக்கெட். முதல் வகையைப் பழைய இரும்புக் கடையே எடுக்கும். இரண்டாவதைப் பொடித்துச் சாலைக்குப் பயன்படுத்தலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை அது; அவர் 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் உருகிப் பூசிக்கொள்ளும், அதன்மேல் தார் பிடிக்கும். இதில் பி.வி.சி. கலக்கவே கூடாது; சூட்டில் அது அமில வாயு விடும். ஃபிளெக்ஸ் பேனர், குழாய்த் துண்டு எல்லாம் அந்த இனம். மூன்றாவது வகைக்கு வாங்குவார் இல்லை. காய்ந்த நிலையில் சேர்த்துச் சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்ப மாவட்ட நிர்வாகத்திடம் ஏற்பாடு கேளுங்கள். வீட்டில் குறைக்க வேண்டியதும் முதலில் இதைத்தான்: மகளிர் குழுக் கடையில் எண்ணெய், மசாலாத்தூள், சீயக்காய் அளந்து விற்றாலே பாதிப் பாக்கெட் நிற்கும்.

சேர்த்து வைக்கும் கொட்டகையை மேட்டில், ஊருக்குள் போடுங்கள், கடலோரத்தில் வேண்டாம். கம்பி வலைத் தொட்டி உப்புக் காற்றில் சில மாதத்தில் துருப்பிடித்துப் போகும். கருவேலங் கம்பு நட்டு, நாலு பக்கமும் மேலேயும் பழைய வலையைக் கட்டினால் காற்றும் காகமும் நாயும் கிளறாது.

கடல் தொழிலாளர் சங்கங்களும் இந்த மடலைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். வலை பொத்தும் இடத்தில் வெட்டி விழும் துணுக்குகளுக்கு ஒரு சாக்கு கட்டித் தொங்கவிடுங்கள். தங்கூசி என்ற நைலான் இழைக்கு விலை உண்டு, ஆனால் பாலித்தீன் கயிறு கலந்தால் விலை விழும். பிரிப்பது சுலபம்: வாளித் தண்ணீரில் போட்டால் நைலான் மூழ்கும், பாலித்தீன் மிதக்கும். முடிச்சில் காற்று இருந்தால் நைலானும் மிதப்பதுபோல் ஏமாற்றும்; நனைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். தெர்மகோல் ஐஸ் பெட்டியைப் பழைய சாக்கால் சுற்றித் தைத்தால் விளிம்பு உதிராது. உடைந்த பெட்டி வெள்ளை மணிகளாகச் சிதறிவிட்டால் பிறகு அள்ளவே முடியாது. வெயிலில் கிடந்து நொறுங்கிய கேரி பேக்கும் அப்படித்தான். கடற்கரைத் துப்புரவு முகாம் நடத்துகிறவர்களின் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் முகாம் வருவதற்குள் பாதி மண்ணோடு கலந்திருக்கும். ஊருக்குள் நிறுத்துவதுதான் முதல் வேலை.

எரிப்பதைப் பற்றி ஒன்று. கடற்கரைக் குப்பையில் உப்பு ஏறியிருக்கும். உப்பில் இருக்கும் குளோரின் புகையோடு சேர்ந்து டயாக்ஸின் என்ற நச்சை அதிகமாக்கும். கரையில் குவித்துக் கொளுத்துவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். இதற்கு எந்தப் பாத்திரமும் தேவையில்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்தில் இதை வையுங்கள். தீர்மானத்தை “விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்” என்று எழுதி முடித்துவிடாதீர்கள். எத்தனை டம்ளர், எண்ணும் பொறுப்பு யாருக்கு, சாக்கு எடுக்கும் இரண்டு தேதிகள் எவை, மீன் பெட்டி யார் முடைவது, எடைக்கு வரும் பணம் தூய்மைக் காவலர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று எழுதுங்கள். கையுறையும் காலணியும் அந்தத் தீர்மானத்திலேயே இடம்பெறட்டும்.

முதல் விருந்துக்கு டம்ளர் எண்ணவும் தொட்டி அமைத்துக் கொடுக்கவும் ஆள் தேவையென்றால் சொல்லி அனுப்புங்கள். வருகிறோம்.

அன்புடன்,
இக்கடற்கரையில் குப்பை பிரிக்கும் வேலையில் இருப்பவர்கள்